எவ்வளவு பாக்கி?

விற்பனை வரியைத் திருடியவன் நான். ஃபுளோரிடாவில் ஒரு கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், நடத்தினேன். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியை அரசுக்குக் கட்டாமல், அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று கடைக் கடனுக்குத் திருப்பினேன். அடுத்த மாதம் வரவேயில்லை. 2014இல் தீர்ப்பு: சில மாதங்கள் கவுண்டிச் சிறை, ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, இழப்பீடு. வழக்கு ஃபெலனி, அதாவது கடுங்குற்றம், என்பதால் ஓட்டுரிமையும் போனது. வீட்டை விற்று இழப்பீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது அன்று பெரிதாகத் தெரியவில்லை.

2018 நவம்பரில் மாநில அரசியலமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்பில் 4ஆம் எண் திருத்தத்துக்கு 64 சதவீதத்துக்கும் மேலானோர் சம்மதம் தந்தார்கள். கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவற்றில் தண்டிக்கப்பட்டவர்கள் தண்டனையை முழுதாக முடித்தால் ஓட்டுரிமை தானாகத் திரும்பும். முழுதாக என்றால் அபராதமும் நீதிமன்றச் செலவும் சேர்த்துத்தான் என்று 2019இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது. அதை எதிர்த்த வழக்கு, 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டில் நீதிபதிகள் 6-4 என்று பிரிந்ததில் தோற்றது. பணம் கட்டச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் கோபம்.

கண்காணிப்பு முடிந்ததும் நீதிமன்றக் கிளார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் பார்த்தேன்: பாக்கி பூஜ்யம். நேரில் போனால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி 412 டாலர் என்றார். அது வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டது, அங்கே கேளுங்கள் என்றார். ஏஜென்சி தன் கட்டணத்தையும் ஏற்றி 570க்கு மேல் சொன்னது. சட்டப்படி ஏஜென்சி 40 சதவீதம் வரை கூட்டலாம். "பாக்கி எவ்வளவு என்று கேட்டு அலையும் கடன்காரனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

இதற்கிடையில் 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்ததாக ஆளுநர் அறிவித்தார். அவர்களில் பலருடைய கையில் வாக்காளர் அட்டை இருந்தது. வாக்காளர் பதிவு விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பதும் ஃபெலனிதான், ஐந்து வருடம் வரை சிறை. ஓட்டு வேண்டாம் என்று இரண்டு வருடம் கோப்பை அலமாரியில் போட்டுவிட்டேன்.

கடைசியில் வழிகாட்டியவர் இலவசச் சட்ட உதவி மையத்து வழக்கறிஞர். இணையதளத்தை மூடிவிட்டு, தீர்ப்புத் தாளின் சான்றிட்ட நகலை வாங்கி வரச் சொன்னார். தண்டனை விதித்த அன்று அந்தத் தாளில் எழுதிய தொகைதான் கணக்கு; பின்னால் ஏறிய வட்டியும் ஏஜென்சிக் கட்டணமும் ஓட்டுரிமைக்குத் தடையில்லை. முதலில் அவர் பார்த்தது தொகையை அல்ல, என்னைக் குற்றவாளி என்று முறைப்படி அறிவித்திருக்கிறதா என்பதை. அறிவிப்பை நிறுத்திவைத்துக் கண்காணிப்பு மட்டும் கொடுத்திருந்தால் ஓட்டுரிமை போவதே இல்லையாம். என்னோடு கண்காணிப்பில் இருந்த ஒருவர் அப்படிப்பட்டவர். பத்து வருடமாகத் தனக்கு ஓட்டில்லை என்றே நினைத்திருக்கிறார், பாவம்.

என் தாளில் செலவுத் தொகை எழுதப்பட்டிருந்தது. பழைய ரசீதுகளைக் கழித்தால் 137 டாலர். அதைக் கட்டி, பாக்கியில்லை என்று முத்திரையிட்ட கடிதம் கேட்டு வாங்கினேன். கடிதம் இல்லாமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள், இதுவே என் ஒரே அறிவுரை.

2024 அக்டோபர் 7 பதிவுக்குக் கடைசி நாள். செப்டம்பரிலேயே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். பத்து வருடத்துக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு இட்ட கையெழுத்தைவிட இதற்குக் கை அதிகம் நடுங்கியது.

அதே ஆண்டு நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்ற டிரம்ப்பும் ஃபுளோரிடாவில்தான் ஓட்டுப் போட்டார். வெளிமாநில வழக்கென்றால் அந்த மாநில விதியைத்தான் ஃபுளோரிடா பார்க்கும். சிறைக்கு வெளியே இருப்பவரை நியூயார்க் தடுப்பதில்லை. திருடுவதற்கும் மாநிலம் பார்த்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.

தேர்தலன்று கடிதத்தையும் ரசீதுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். நீளமான சீட்டு. மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் பதவியில் தொடரலாமா என்ற கேள்வியும் அதில் இருந்தது. அந்த இடத்தில் பேனாவோடு வெகுநேரம் நின்றேன்.