நல்லாத்தானே கீறான், இன்னும் எதுக்கு மாத்திரை?

அயனாவரத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எந்தத் தெரு என்று எழுதவில்லை. எழுதினால் இதில் வருகிற ஆட்களை அக்கம்பக்கத்தார் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொன்னூர் நெடுஞ்சாலையில் இருந்து நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் வருகிறவர்களில் சிலர் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருமல் மருந்து வாங்குகிறவர் சில்லறை எண்ணி முடித்துக் கிளம்பும்வரை காலண்டரைப் பார்ப்பார்கள், செல்போனைத் தடவுவார்கள். அவர் படி இறங்கியதும்தான் சீட்டு கவுன்டருக்கு வரும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'இன்னிக்கு முந்நூறு கீதும்மா' என்று தன் சுகரைத் தெருவுக்கே அறிவித்துக்கொண்டுதான் படியேறுவார். மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் வாங்குகிறவரோ, 'ரெண்டு கவர் போட்டுக் குடும்மா' என்று கேட்பார். பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததில் இருந்து காகிதக் கவர்தான் கொடுக்கிறோம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆனாலும் ரெண்டு கவர்.

இத்தனைக்கும் எங்கள் பேட்டைக்கு மனநல மருத்துவம் புதிதல்ல. மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அது அயனாவரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் ஊரே கிண்டலுக்குக் கீழ்ப்பாக்கத்தைச் சொல்வதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்த மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல் அவர் தொடங்கியதுதான் ஸ்கார்ஃப். மனச்சிதைவு நோய்க்கான அமைப்பு, அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் இருக்கிறது. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993இல் ஆரம்பித்த பேன்யன் முகப்பேரில். தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் வந்த ஸ்நேகா அந்தப் பக்கம் ராஜா அண்ணாமலைபுரத்தில். சாரதா மேனன் 98 வயது வாழ்ந்து 2021 டிசம்பரில் இறந்தபோது, கடையில் பேப்பர் படித்த பெரியவர் ஒருவர், 'இந்த அம்மாதாம்மா எங்க அக்காவப் பார்த்தது' என்றார். அவருக்கு ஒரு அக்கா இருந்த விஷயமே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆக, டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று சென்னையில், அதுவும் எங்கள் ஏரியாவில், யாரும் சொல்ல முடியாது. என் ஆதங்கம் வேறு. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாத்திரை நிற்கிறதே, அதை யார் பார்ப்பது?

ஒரு பூக்கார அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். முதலில் தூக்கம் போனது. அப்புறம் கேன் தண்ணீரில் யாரோ ஏதோ கலக்கிறார்கள் என்று குடிக்க மறுத்தான். கேன் போடுகிற பையனிடம் சண்டை. அம்மா கட்டி வைத்த பூவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று. தாயத்து, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆனது. ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று உறவில் ஒருவர் சொல்ல, அவன் அப்பா மறுத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் செத்தது அவருக்கு மறக்கவில்லை. அந்த மனிதர் குடிகாரர்தான், ஆனால் அந்த ஒரு முடிவுக்காக அவரை மதிக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில வாரங்களில் பையன் தெளிந்துவிட்டான். ஓ.பி.யில் மாத்திரை இலவசம். நடுவில் தீர்ந்துபோனால் எங்களிடம் வந்து அரை அட்டை வாங்கிக்கொண்டு போவார் அந்த அம்மா. ரிஸ்பெரிடோனும் டிரைஹெக்சிபெனிடிலும் சேர்ந்த மாத்திரை. முதலாவது நோய்க்கு. இரண்டாவது, முதல் மருந்தால் வருகிற கைநடுக்கத்துக்கும் உடம்பு விறைப்புக்கும். ஒருநாள் வந்து நின்றுகொண்டு, 'நல்லாத்தானே கீறான் கண்ணு, இன்னும் எதுக்கு மாத்திரை? எப்பப் பார்த்தாலும் தூங்கினே கீறான், உடம்பு வேற ஊதுது' என்றார்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறான், பிரஷருக்கு உன் வீட்டுக்காரர் தினமும் போடுகிறாரே அதுபோலத்தான், தூக்கம் அதிகமென்றால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், நீயாக நிறுத்தாதே என்று. தலையாட்டிவிட்டுப் போனார். நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. வெளியே இருக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் முதல் சில வாரம் இன்னும் நன்றாக இருக்கும். மந்தம் போகும், முகத்தில் களை வரும், பழைய சிரிப்பு திரும்பும். 'பார்த்தியா, அந்த மாத்திரைதான் அவனை இப்படி ஆக்கி வெச்சிருந்தது' என்று வீடே பேசும். நோய் திரும்பி வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் மாத்திரை நிறுத்தியது மறந்து, யார் கண் பட்டதோ என்ற பேச்சு வந்திருக்கும். அந்தப் பையனுக்கு மறுபடி தூக்கம் போனது, கேன் தண்ணீர் நின்றது. இந்த முறை வேலையும் போனது. முதலாளி நல்லவர்தான், ஆனால் ஒரு கட்சிக்காரர் ஃபிளெக்ஸில் படத்தை இவன் வேண்டுமென்றே வெட்டிவிட்டதாகப் பிரச்சினை ஆன பிறகு அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது மாத்திரையை அம்மா கையால் கொடுப்பதில்லை. கொடுத்தால் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு துப்பிவிடுகிறான் என்று டாக்டர் மாதம் ஒரு ஊசிக்கு மாற்றிவிட்டார். இந்த டெப்போ ஊசி விஷயம் பல குடும்பங்களுக்குத் தெரியாது. தினமும் 'போட்டியா, வாயைக் காட்டு' என்ற போராட்டம் வீட்டை விட்டே போய்விடும். எல்லாருக்கும் ஒத்துவராது, டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், ஆனால் கேட்டாவது பார்க்கலாம்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கச் சொல்லியும் பார்த்தேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் சில சலுகைகளுக்கு வழி உண்டு. 'அட்டை வாங்கினா நாளைக்கு எவன் கண்ணு பொண்ணு குடுப்பான்?' என்று கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாத்திரை வேண்டாம் என்கிறவர்கள் ஒரு பக்கம். எப்படியாவது மாத்திரை கொடு என்கிறவர்கள் இன்னொரு பக்கம். டெலிவரி வண்டி ஓட்டுகிற பையன் ஒருவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் வருவான். 'அக்கா, தூங்கறதுக்கு ஏதாவது குடுங்கா.' அல்பிரசோலம், நைட்ரசிபாம் எல்லாம் ஹெச்1 பட்டியல் மருந்துகள். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். சீட்டு இல்லாமல் தரக்கூடாது. தந்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். சட்டம் கிடக்கட்டும், பழகிவிட்டால் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போவான், அதுவும் தெரியும்.

பில்லின் பின்பக்கம் 14416 என்று எழுதிக் கொடுத்தேன். டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். காசில்லை, தமிழிலேயே பேசலாம். 'போன்ல பேசினா தூக்கம் வருமாக்கா?' என்று சிரித்தான். என்னடா பிரச்சினை என்று கேட்டேன். வண்டிக்கு லோன், ரேட்டிங் குறைந்தால் ஆர்டர் குறையும், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன். நின்றபடியே பத்து நிமிஷம் பேசினான். அதற்குள் கையில் இருந்த பார்சலுக்காக யாரோ போன்மேல் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணுக்குப் பேசினானா என்று தெரியாது. பிறகு ஒருநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் வாங்க வந்தான். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தெருவோரம் இருக்கிறவர்கள் விஷயத்தில் மட்டும் ஏரியா ஆட்கள் என்னை ஆச்சரியப்படுத்தியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். டீக்கடைக்காரர் காலையில் பன்னும் டீயும் கொடுப்பார். மழை வந்ததும் அவரே ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். இப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டியது காவல்துறையின் கடமை, லாக்கப்பில் வைக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வந்த பெண் போலீஸ் அந்தச் சட்டத்தைப் படித்திருந்தாரோ என்னவோ, மூட்டையைப் பிடுங்கவில்லை. 'அதையும் எடுத்துக்கோம்மா, வண்டியில இடம் கீது' என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

அதே சட்டத்தில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்றும் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்தியம் பார்க்க மருந்து கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வந்தால் நான் மருந்து எடுக்கமாட்டேன், நேராக 108க்குப் போன் போடுவேன். அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கே வருகிறதென்றால் 14416க்கோ, ஸ்நேகாவின் 044-24640050க்கோ பேசுங்கள்.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததில் இருந்து எங்கள் பக்கம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆள் வீடு தேடி வருகிறார். எங்கள் கடை வியாபாரத்தில் கொஞ்சம் அடிதான், பரவாயில்லை. வருகிற அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, யார் சாப்பிடாமல் சேர்த்துவைத்திருக்கிறார் எல்லாம் தெரியும். வாசலில் நின்று 'ஏன் பாட்டி, நேத்து மாத்திர இன்னும் அப்படியே கீதே' என்று சத்தம் போடுவாள். பாட்டியும் பயந்துகொண்டு சாப்பிடும். பூக்கார அம்மா வீட்டுக்கு அந்த மூன்றாம் மாதத்தில் இப்படி ஒருத்தி வந்து, 'அண்ணன் தூங்கறாரா? தண்ணி குடிக்கறாரா?' என்று கேட்டிருந்தால் போதும். டாக்டர் வரவேண்டியதில்லை. அந்த ரெண்டு கேள்வி தெரிந்த ஒரு ஆள்.

எங்கள் ஓனர் அண்ணனுக்கு என் போக்கில் அரை மனசுதான். 'நாம மருந்து விக்கறோமா, கிளாஸ் எடுக்கறோமா?' என்று கேட்பார். ஆனால் ஒன்று செய்தார். கவுன்டரின் ஓரத்தில் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டு, மேலே இருந்த விளம்பரப் பலகையை இரண்டடி தள்ளி மாட்டினார். அங்கே உட்கார்ந்து பேசினால் தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியாது. விசிறி அங்கே எட்டாது என்பது ஒன்றுதான் குறை.

கடைசியாக, வீட்டில் யாரையாவது முதன்முறை ஓ.பி.க்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். எங்கே, எந்த வைத்தியம் பார்த்திருந்தாலும் பழைய சீட்டுகளை எடுத்துப்போங்கள். சீட்டு இல்லையென்றால் சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டை போதும், பெயரும் அளவும் அதில் இருக்கும். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டமாட்டார். எப்போதில் இருந்து தூக்கம் போனது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் நின்றதும் மறந்துவிடும். அப்புறம், வெள்ளி சாயந்தரமே வீட்டில் மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணிப்பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை அரை நாள்தான்.