சத்தம் வருகிறது, படம் வரவில்லை

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கொம்பியூட்டரின் படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் போனேன். அடுத்த இரவு அதே கார்டை அதே மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கார்டில் பிழை இல்லை, அது ஏறுகிற மதர்போர்டிலும் பிழை இல்லை. பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னம் திறக்கிற போர்டின் செட்டிங் பக்கத்தில், ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் வீட்டிலேயே முடிந்திருக்கும். இன்னும் வயிறு எரிகிறது.

நான் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். உவர்மலையில் இருக்கும் என் அறையில் ஒரு சின்ன மேசைக்குத்தான் இடம் உண்டு. அதனால் ஆசைப்பட்டுச் சின்னக் கேஸ் ஒன்று எடுத்தேன். ரைசன் 5 5600 புரொசசர், பி550 மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்னப் போர்ட், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட், 650 வாட்ஸ் பவர் சப்ளை. பூட்டுகிற வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. இந்த மாதிரிக் கேஸில் கார்ட் நேராகப் போர்டில் ஏறாது. போர்டுக்குப் பின்பக்கம் நிற்கும். இரண்டையும் ஒரு அகலமான நாடா வயர் இணைக்கும். ரைசர் என்பார்கள். அது கேஸோடு பூட்டியே வந்தது. பூட்டியே வந்ததால் அதை நானும் சந்தேகப்படவில்லை, பார்க்க வந்த யாரும் சந்தேகப்படவில்லை.

சுவிட்சைப் போட்டதும் விசிறி எல்லாம் சுற்றியது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. போர்டின் ஓரத்தில், கிராபிக்ஸில் பிழை என்று காட்டுகிற, விஜிஏ என்று எழுதிய இடத்தில் ஒரு வெள்ளை லைட் எரிந்துகொண்டே இருந்தது.

வழக்கமான எல்லாவற்றையும் பார்த்தேன். மச்சான் வந்து முதல் வேலையாக மொனிட்டர் வயரைப் போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் குத்தினான். 5600இல் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அந்த ஓட்டையில் எத்தனை மணி நேரம் குத்தி வைத்தாலும் படம் வராது. அப்புறம், கார்டின் விசிறி சுற்றி நின்றுவிட்டதைப் பார்த்து 'கார்ட் செத்துப் போச்சு' என்றான். அதுவும் சரியில்லை. இப்போது வருகிற பல கார்ட்களில் சூடு ஏறும்வரை விசிறி ஓடாது. அயலில் எல்லோரும் உப்புக்காற்று என்றார்கள். இங்கே எந்தச் சாமான் பழுதானாலும் முதலில் கடல்மேல்தான் பழி விழும். நேற்றுப் பெட்டி உடைத்த கார்டில் எங்கே துரு?

பழைய கொம்பியூட்டரில் கிடந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைக் கழற்றி இதில் போட்டேன். உடனே படம் வந்தது! விண்டோஸ் 11ஐயும் அதிலேயே ஏற்றினேன். பிறகு 3060ஐத் திரும்பப் போட்டேன். திரை கறுப்பு, ஆனால் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் விண்டோஸ் திறக்கிற சத்தம் கேட்டது. கீபோர்டில் 'நம் லொக்' (Num Lock) பொத்தானை அழுத்தினால் லைட் அணைந்து அணைந்து எரிந்தது. அந்த இருட்டுத் திரைக்கு முன்னால், மிஷின் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்ததை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பழைய கார்டுக்குப் படம் வருகிறது, புதுக் கார்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் புதுக் கார்ட்தான் பழுது என்று முடிவெடுத்தேன். பிழை விட்டது இங்கேதான். கையில் ஒரு கலியாண வீடியோ கிடந்தது. மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்ப 11 நாள்தான் இருந்தது. யோசிக்க நேரமில்லாமல், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடிய விடியப் போய்ச் சேர்ந்தேன்.

கடையில் கவுண்டரில் இருந்த தம்பி கார்டை வாங்கித் தங்கள் மேசையில் திறந்தபடி கிடந்த மிஷினில் குத்தினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, படம் வந்தது. என்னோடது போல 5600 போட்ட மிஷின் ஒன்றில் ஒருக்கால் போட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். முகத்தை நிமிர்த்தவே இல்லை. "கார்ட் வேலை செய்யுது அண்ணா. உங்கட பவர் சப்ளை காணாது. 750 எடுங்கோ." பில்லில் 'பிழை இல்லை' என்று எழுதினார், சோதித்த கூலி என்று 2,000 ரூபா எடுத்தார். கறுப்புத் திரையை ஃபோனில் எடுத்துப் போயிருந்த வீடியோவைக் காட்டக் காட்ட அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தெரிந்ததும் உண்மை. என்னுடைய 1050 டிஐக்குத் தனிக் கரண்ட் வயர் தேவையில்லை, 3060க்குத் தேவை. ஆனாலும் கணக்கு இடித்தது. 3060 இழுப்பது 170 வாட்ஸ், 5600 65 வாட்ஸ். இரண்டும் சேர்ந்து 235. அந்தக் கார்டுக்கு என்விடியாவே 550 வாட்ஸ் போதும் என்கிறது. 750 வாங்காமல் பஸ் ஏறினேன். இந்த விஷயத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

நீங்கள் போக வேண்டி வந்தால் கார்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். முழு மிஷினையும் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் போக முன்னம் ஃபோன் எடுத்து, வேறு மிஷினிலும் போட்டுப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்த்து வைத்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா. சிசிடிவி பூட்டுகிற வேலை செய்கிறவர், நண்பன் மூலம் பழக்கம். பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில், பையில் ஒரு நல்ல பவர் சப்ளையோடு வந்தார். அதை மாற்றிப் போட்டார், அதே கறுப்பு. பவர் சந்தேகம் அதோடு செத்தது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் கேஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த நாடா வயர் எத்தனையாம் ஜெனரேஷன்?"

ஃபோன் டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். கறுப்பு நாடா முடிகிற இடத்தில், கார்ட் ஏறும் பிளாஸ்டிக்குக்குக் கீழே, அரிசி அளவு வெள்ளை எழுத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்று இருந்தது. கார்டும் போர்டும் பேசிக்கொள்கிற இணைப்பின் மூன்றாம் ஜெனரேஷன் அது.

3060, பி550 போர்ட், 5600 மூன்றுமே அடுத்த ஜெனரேஷனான 4.0 தெரிந்தவை. பயோஸில் இந்த வேகம் ஓட்டோவில் (தானாகத் தெரிவு செய்யும்படி) இருந்தால் மூன்றும் 4.0 வேகத்தில் பேசத் தொடங்கும். 3.0இல் ஒரு லேனுக்கு, அதாவது தரவு போகிற ஒரு பாதைக்கு, நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்பர், 4.0இல் 16. என்னுடைய வயர் அந்த இரட்டை வேகத்தைத் தாங்கவில்லை, சிக்னல் குழம்பிக் கார்டே இல்லை என்று போர்ட் முடிவு கட்டியது. 1050 டிஐ தானே 3.0 கார்ட், அதனால் அதற்குப் பிரச்சினை வரவில்லை. கொழும்புக் கடையில் வயரே இல்லை, நேரே குத்தினார்கள், அதனால் அங்கேயும் பிரச்சினை வரவில்லை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

போர்டைக் கேஸிலிருந்து கழற்றி அதன் அட்டைப் பெட்டிமேல் வைத்து, கார்டை நேரடியாகக் குத்தினோம். படம் வந்தது. பயோஸில் பிசிஐஇ ஸ்லொட் வேகத்தை ஓட்டோவிலிருந்து ஜென் 3க்கு (3.0 வேகத்துக்கு) மாற்றி, சேவ் பண்ணி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினோம். முதல் தடவையே வந்தது.

இவ்வளவு கழற்றவே தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1050 டிஐ உள்ளே இருந்தபோதே பயோஸுக்குள் போய் அதை மாற்றியிருக்கலாம், கார்டை மாற்றினாலும் அந்த செட்டிங் அப்படியே இருக்கும். உங்களிடம் பழைய 3.0 கார்ட் ஒன்று இருந்தால் இதை முதலில் செய்யுங்கள், மூன்று நிமிட வேலை. கேஸ் வாங்கும்போதே ரைசர் எத்தனையாம் ஜெனரேஷன் என்று கேளுங்கள்.

ஜென் 3இல் ஓடுவதால் என் எடிட்டிங் வேலையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை போவதற்கு இரண்டு நாள் முன்னம் வீடியோவைக் கொடுத்துவிட்டேன். நானாவிடம் காசை நீட்டினேன், வாங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

போன மாதம் பயோஸ் அப்டேட் போட்டேன், திரும்பக் கறுப்புத் திரை. அப்டேட் அந்த வரியை ஓட்டோவுக்கே திருப்பிவிட்டிருந்தது. சீமோஸை கிளியர் பண்ணினாலும், அதாவது பயோஸ் செட்டிங் எல்லாவற்றையும் அழித்தாலும், இதே கதைதான். இந்தத் தடவை பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டேன். கேஸ் மூடியின் உட்பக்கத்தில் 'ஜென் 3' என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், 1050 டிஐயும் மேசை லாச்சியிலேயே கிடக்கிறது.