ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடற இத்தாலி

கல்யாணமாகி 19 வருஷம் கழிச்சு, பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்புறம், நாங்க ரெண்டு பேர் மட்டும் போன முதல் டூர் இது. அதனாலயே எந்த ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ண எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இத்தாலின்னு சொன்னதும் எல்லாரும் ஒரே லிஸ்டத்தான் குடுத்தாங்க, ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், சிங்க்வே தெர்ரே. அழகான ஊருங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வெனிஸ்ல 2024 ஏப்ரல்ல இருந்து கூட்டம் ஜாஸ்தியா வர்ற நாட்கள்ல, பகல்ல வந்துட்டுத் திரும்பிப் போறவங்ககிட்ட 5 யூரோ வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஊருக்குள்ள நுழையறதுக்கே காசுன்னா நெரிசல் எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. எனக்கு வேண்டியிருந்தது வேற, இவரோட பேசிக்கிட்டே நடக்கணும், கால் வலிச்சா எங்கயாவது உக்காரணும், யாரும் பின்னாடி நின்னு நகரு நகருன்னு சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கார் வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். இவருக்கு ஓட்டறதுன்னா ரொம்பப் பிடிக்கும், ஆனா ஓட்டறவர் ரோட்டப் பாக்கணும், நான் மேப்பப் பாக்கணும், அப்புறம் எங்க பேசறது. அதுவுமில்லாம அங்க பழைய ஊர்களோட நடுப்பகுதி முக்கால்வாசி இசட்.டி.எல்., அதாவது வெளி வண்டிங்க நுழையக் கூடாத பகுதி. யாரும் கை காட்டி நிறுத்த மாட்டாங்க, நுழையற எடத்துல கேமரா நம்பர் பிளேட்டப் படம் புடிச்சுக்கும், நாம ஊருக்கு வந்து மாசக்கணக்குல ஆனப்புறம் ஃபைன் வீடு தேடி வரும்.

கார் இல்லைன்னா ஊரத் தேர்ந்தெடுக்கற விதமே மாறிடுது. ஃபோட்டோ பாத்து ஊர் புடிக்காதீங்க, மேப்பத் திறந்து ஸ்டேஷன்ல இருந்து ஊரோட பெரிய சதுக்கம் வரைக்கும் நடக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. பெட்டியோட 25 நிமிஷத்துக்குள்ள வந்தா அந்த ஊர் லிஸ்ட்ல இருக்கலாம். இப்படிப் பாத்தப்ப நான் ஆசப்பட்டு வெச்சிருந்த பாதி ஊரு போயிடுச்சு. சான் ஜிமின்யானோ, வோல்தெர்ரா, உர்பினோ மூணுலயும் ஸ்டேஷனே கிடையாது, பஸ்தான். சியெனாவுல ஸ்டேஷன் மலைக்குக் கீழ, எஸ்கலேட்டர் மாத்தி மாத்தி ஏறணும், அதையும் தாண்டினா ஃப்ளாரன்ஸ்ல இருந்து வர்ற பகல் கூட்டம். கடைசில நின்னது மூணு ஊர்: ஃபெர்ராரா, லூக்கா, ஒர்வியேட்டோ. அக்டோபர் முதல் ரெண்டு வாரம், பொலோன்யாவுல இறங்கி ரோம்ல ஃப்ளைட் ஏறற மாதிரி.

பொலோன்யா ஏர்போர்ட்ல இருந்து மோனோ ரயில் ஏறினா பத்து நிமிஷத்துக்குள்ள பெரிய ஸ்டேஷன், அங்க இருந்து ரீஜனல் ட்ரெயின்ல அரை மணி முக்கால் மணில ஃபெர்ராரா. இந்த ரீஜனல் ட்ரெயின்தான் எங்க டூரோட முதுகெலும்பு. ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினாலும் அன்னிக்கு வாங்கினாலும் ஒரே விலை, சீட் நம்பர் கிடையாது. ஒண்ணே ஒண்ணு, பேப்பர் டிக்கெட்னா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல இருக்கற சின்ன மெஷின்ல விட்டு முத்திர குத்திடணும், மொபைல் டிக்கெட்னா செக்-இன் பண்ணணும். காசு குடுத்து வாங்கின டிக்கெட்தானேன்னு சும்மா ஏறினா ஃபைன் போடுவாங்க.

ஃபெர்ராரா ஒரு சைக்கிள் ஊரு. புடவை கட்டற வயசுல இருக்கற அம்மாங்கல்லாம் கூடைல கீரையும் ரொட்டியும் வெச்சுக்கிட்டு சைக்கிள்ல போறாங்க. ஊரச் சுத்தி 9 கிலோமீட்டர் மதில் இருக்கு, மேல மரம், புல்லு, மண் பாதை, நாங்களும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு முழு சுத்து வந்தோம், டூரிஸ்ட்னு பாத்தா நாங்க மட்டும்தான். 1492ல எர்கோலே தெஸ்தேன்னு ஒரு டியூக், ரொஸ்ஸெத்தின்னு ஒரு கட்டடக் கலைஞர வெச்சு ஊர அப்படியே வடக்க நீட்டியிருக்காரு, நேர் நேரான அகலத் தெருவெல்லாம் அப்ப போட்டதுதான். அந்தப் பக்கம் ஒரு மாளிகை, சுவரு முழுக்க வைரம் பட்டை தீட்டின மாதிரி 8,000க்கும் மேல கல்லு, சாயந்திர வெயில் சாய சாய ஒவ்வொரு கல்லுலயும் நிழல் நகருது, நாங்க தெருவுக்கு எதிர்ப்பக்க நடைபாதைல உக்காந்து அது முழுசா மங்கற வரைக்கும் பாத்தோம்.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. எங்க ரூம் பழைய ஊர்ல வியா தெல்லே வோல்தேங்கற சந்து பக்கத்துல. தலைக்கு மேல வரிசையா வளைவு, கீழ ஆத்துக் கூழாங்கல்லு பதிச்ச தரை. பெட்டி இழுத்துட்டு வந்ததுல பாதி வழிலயே ஒரு சக்கரம் கழண்டு போச்சு. இவர் ஒண்ணும் சொல்லாம ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு நடந்தார். கார் இல்லாம போறீங்கன்னா ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, நீங்களே மாடி வரைக்கும் தூக்கற கனம், அதுக்கு மேல வேண்டாம். நிறைய பழைய வீடுகள்ல லிஃப்டும் இருக்காது.

ஃபெர்ராராவுல இருந்து ஒரு நாள் ரவென்னா போனோம், நேர் ட்ரெயின், ஒண்ணேகால் மணி நேரம். மொத்த டூர்ல எனக்கு மனசு நெறஞ்ச எடம் இதுதான். கல்லா பிளாசிதியாங்கற ரோமானிய ராணி பேர்ல ஒரு சின்னக் கல்லறைக் கட்டடம், 5ஆம் நூற்றாண்டு, வெளிய பாத்தா வெறும் செங்கல்லு, தோட்டத்து ஓரத்துல ஒரு ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கு. குனிஞ்சு உள்ள போனா முதல்ல இருட்டுதான். ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா மெல்லிசான அலபாஸ்டர் கல்லு, அதுவழியா தேன் நெறத்துல கொஞ்சம் வெளிச்சம் வருது. கண்ணு பழகப் பழக மேல நீலம் தெரிய ஆரம்பிக்குது, அப்புறம் அந்த நீலத்துல ஒவ்வொண்ணா தங்க நட்சத்திரம். எல்லாம் நகக்கண் அளவு கண்ணாடித் துண்டு, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ச்சு பதிச்சிருக்காங்க, நாம தலைய அசைச்சா வானம் மின்னுது. ஒரு ஓரத்துல ரெண்டு மான் தண்ணி குடிக்க வருது. எங்களோட உள்ள இருந்தது ஆறு பேரு. யாருமே பேசல. இவர் என் கையப் புடிச்சாரு, அத எழுதாம இருக்க முடியல. பக்கத்துலயே சான் வித்தாலே கோயில், 547ல பிரதிஷ்டை பண்ணினது, அங்க ஜஸ்டீனியன் ராஜாவும் தியோடோரா ராணியும் மொசைக்ல நிக்கறாங்க, அதையும் விட்டுடாதீங்க.

அதே ஊர்லதான் கவிஞர் தாந்தேவோட சமாதி. ஃப்ளாரன்ஸ் அவர நாடு கடத்திடுச்சு, 1321ல இங்கயே இறந்துட்டாரு. ஃப்ளாரன்ஸ்ல பெருசா ஒரு கல்லறை கட்டி வெச்சிருக்காங்க, ஆனா அது காலி, ரவென்னாக்காரங்க உடம்பக் குடுக்கவே இல்ல. இங்க சமாதிக்குள்ள ஒரு விளக்கு எரியுது, அதுக்கு வருஷா வருஷம் எண்ணெய் குடுக்கறது ஃப்ளாரன்ஸ்தான். நம்ம ஊர்ல கோயிலுக்கு எண்ணெய் ஊத்தறவங்களுக்கு அது என்னன்னு சொல்லித் தரவே வேண்டாம்.

அடுத்து லூக்கா, நாலு ராத்திரி. ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே மதில் தெரியுது, அஞ்சு நிமிஷ நடை. இந்த மதில் 4 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, அகலமான பாதை, ரெண்டு பக்கமும் மரம், காலைல ஊர்க்காரங்க வாக்கிங் போறாங்க. எதிரி வருவான்னு கட்டினது, கடைசில 1812ல வெள்ளம் வந்தப்ப ஊரக் காப்பாத்தியிருக்கு. ஆனா அக்டோபர் கடைசில இங்க பெரிய காமிக்ஸ் விழா நடக்கும், ரூமே கிடைக்காது, அந்த வாரத்தத் தவிர்த்துடுங்க. அதே மாதிரி ஆகஸ்ட் 15ஐ ஒட்டின நாட்கள்ல அங்க பல ஊர்ல கடையப் பூட்டிட்டு பீச்சுக்குப் போயிடுவாங்க.

சாப்பாடு. இவர் சைவம், அதனாலதான் இவ்வளவு விவரமா சொல்றேன். ஃபெர்ராராவுல பரங்கிக்காய் வெச்ச கப்பெல்லாச்சின்னு ஒரு பாஸ்தா இருக்கு, சும்மா கேட்டா கறி சாஸ் ஊத்திடுவாங்க, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தாங்கன்னு கேட்டு வாங்கணும். பார்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் சேருது, சுத்த சைவம்னா அதையும் வேண்டாம்னு சொல்லுங்க. லூக்காவுல செச்சினான்னு ஒண்ணு விப்பாங்க. கொண்டைக்கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, பெரிய வட்டத் தட்டுல ஊத்தி விறகடுப்புல வேக வெச்சது. மேல லேசா கருகி மொறுமொறுன்னு, உள்ள குழைவா, மேல மிளகுத்தூள் தூவி பேப்பர்ல மடிச்சுத் தருவாங்க. ஒரு வாய் வெச்சதும் இவர் "நம்ம வீட்டு வாசனை"ன்னாரு, நாலு நாளும் மத்தியானம் அதான் சாப்டாரு. பன்னெண்டரைல இருந்து ரெண்டரைக்குள்ள சாப்டுடுங்க, அப்புறம் கிச்சன மூடிடுவாங்க.

லூக்காவுல இருந்து கிளம்பற அன்னிக்கு ரயில் ஸ்ட்ரைக். பயந்துட்டேன். விடுதிக்காரம்மாதான் சொன்னாங்க, வார நாள்னா காலைல 6ல இருந்து 9, சாயந்திரம் 6ல இருந்து 9 கட்டாயம் சில வண்டிங்க ஓடணும்னு சட்டமே இருக்காம். விடியக்காலைல கிளம்பி ஃப்ளாரன்ஸ் வந்தோம், அங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்திருந்து வேற வண்டி புடிச்சோம். கார் இல்லைன்னா இந்த மாதிரி ஒரு நாள் வரும், அதனால ஃப்ளைட் இருக்கற நாளுக்கு முதல் நாளே அந்த ஊருக்குப் போயிடுங்க.

ஒர்வியேட்டோ பாறை மேல இருக்கற ஊரு. ஸ்டேஷன் கீழ, ஆனா எதிர்லயே ஃபுனிகுலார், கம்பி இழுக்கற குட்டி ரயில், சில நிமிஷத்துல மேல. ரோம்ல இருந்து பகல்ல வர்றவங்க சாயந்திரம் கிளம்பிடுவாங்க, அப்புறம் ஊரு நம்மளோடது. மேல ஏறினதும் பக்கத்துலயே ஒரு கிணறு இருக்கு, போட்ஸோ தி சான் பத்ரீத்சியோ. 1527ல எதிரிப் படை ரோம் நகரத்த சூறையாடினப்ப போப் ஏழாம் கிளமெண்ட் இங்க ஓடி வந்து, முற்றுகை போட்டா தண்ணி வேணுமேன்னு வெட்டச் சொன்னது. ரெண்டு சுழல் படிக்கட்டு, ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு போகுது, ஒண்ணுல கோவேறு கழுதைங்க இறங்கும், இன்னொண்ணுல தண்ணியோட ஏறும், எதிர எதிர முட்டிக்கவே முட்டிக்காது. 248 படி. என் முட்டி வலியால நான் மெதுவா இறங்கிட்டு இருந்தேன், இவர் அடிக்குப் போய் பாலத்தத் தாண்டி அந்தப் பக்கம் ஏறவே ஆரம்பிச்சுட்டாரு. நடுவுல கிணத்தப் பாத்து வரிசையா ஜன்னல். எதிர் ஜன்னல்ல இவர் முகம், கீழ இருந்து பச்சை வெளிச்சம். "மெதுவா வா, நான் இங்கயே நிக்கறேன்"னாரு. கிணறு முழுக்க அந்தக் குரல் சுத்திச்சு. நான் இறங்கி, பாலம் தாண்டி, ஏறிப் போற வரைக்கும் அந்த ஜன்னல்லயே நின்னுட்டு இருந்தாரு.