சாட்சியின் வயது

வக்கீலாகப் பதிவு செய்த முதல் பதினெட்டு ஆண்டுகள் நான் ஒரு மளிகைக் கடைதான் நடத்தினேன். ஜாமீன் மனு, விபத்து இழப்பீடு, செக் மோசடி, வாடகைத் தகராறு என எது வந்தாலும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவேன். உயில் எழுத யாராவது வந்தால் அது மாலை நேரத்து வேலை. பழைய நகல் ஒன்றை எடுத்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி, "பிறர் தூண்டுதல் இல்லாமல், நல்ல நினைவுடன்" என்ற வரியைத் தொடாமல் விட்டு, குமாஸ்தாவிடம் தட்டச்சுக்குக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் மூன்றாம் ஆண்டில் அப்படி எழுதிய ஓர் உயில், பின்னாளில் என்னைத் தேடி வந்தது.

எழுதிக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மதுரையில் இருந்த சொந்த வீட்டை, தன்னைப் பார்த்துக்கொண்ட இளைய மகளுக்குக் கொடுத்தார். "பையன் படிப்புக்காக ஊரில் இரண்டு ஏக்கர் விற்றேன் தம்பி. அவன் பங்கு அதிலேயே போய்விட்டது" என்று என்னிடம் சொன்னார். அதை நான் உயிலில் சேர்க்கவில்லை. குடும்பக் கதையெல்லாம் ஆவணத்தில் எதற்கு என்ற இளவயது மிடுக்கு. சாட்சிகள், காலையில் அவருடன் நடக்கப் போகும் இரண்டு நண்பர்கள். ஒருவருக்கு 76 வயது, இன்னொருவருக்கு 79. பதிவும் செய்தாகிவிட்டது. நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

அவர் காலமானதும் மகன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. இருவருமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அடுத்த பிரிவு ஒரு சந்து விட்டிருந்தது: இறந்த சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான் என்று வேறொருவர் அடையாளம் காட்டலாம். நண்பர் ஒருவரின் மகள், அப்பா எழுதிய பழைய இன்லேண்ட் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வந்தார். உயிலைத் தயாரித்தவன் என்ற முறையில் நானும் கூண்டேறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. "பெற்ற மகனை ஒதுக்கியதற்கு ஒரு வரி காரணம்கூட இல்லையே, சார்?" என்றார், அவ்வளவுதான். சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளை உயிலை முன்வைப்பவர்தான் அகற்ற வேண்டும் என்று வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. கல்லூரியில் மனப்பாடம் செய்த தீர்ப்பு. பதிவான உயில் என்பதாலும் அந்தச் சுமை இறங்கிவிடுவதில்லை. ஆறு ஆண்டுகள் இழுத்து மகள் வென்றார். அதற்குள் வீட்டின் பின்கட்டு இடிந்து விழுந்திருந்தது.

கூண்டிலிருந்து இறங்கிய அந்த ஆண்டுதான் மற்ற வழக்குகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். உயில், செட்டில்மெண்ட், வாரிசுரிமை, இவை மட்டும். வருமானம் பாதியாகக் குறைந்தது. வக்கீல் சங்கத்துக் கேண்டீனில் எனக்கு "எமன் வீட்டு வக்கீல்" என்று பெயர் வந்தது. நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் எழுத்து ஒன்றும் அப்படி மெருகேறிவிடவில்லை. கேள்விகள்தான் கூடின. "அம்மா இருக்கிறார்களா?" என்று நாற்பது வயதுக்காரரிடம் கேட்டால் விழிக்கிறார். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு, தந்தைக்கு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வங்கியில் நாமினி போட்டாயிற்று, போதும் என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல என்று விளக்கியே என் தொண்டை வறண்டுவிடும்.

போன ஆண்டு ஒரு செவிலியர் தன் தாயோடு வந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. சொந்தச் சம்பளத்தில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தார். "எனக்குப் பிறகு அம்மாவுக்குத்தானே சார்?" என்றார். இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் மகளின் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முத்திரைத்தாள்கூடத் தேவைப்படாத பத்து வரி உயில், அன்று மாலையே எழுதி முடித்தோம். நான் மளிகைக் கடைக்காரனாகவே இருந்திருந்தால் அவர் கேள்விக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டை எடுத்திருப்பேன்.

இப்போது சாட்சிகளின் வயதைக் கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. அண்மையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன்னைவிட மூத்த தோழரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். இளையவர்களாக இருவர் வேண்டும் என்றேன். "ஐம்பது வருடப் பழக்கம், இவன் கையெழுத்து உங்களுக்கு ஆகாதா?" என்று கோபித்துக்கொண்டார். தெருமுனை மருந்துக் கடையிலிருந்து, அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் வந்து போட்டார்கள். தோழர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாட்சிகள் இரண்டுக்குக் குறையக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. பேனாவை அவரிடம் நீட்டினேன். நடுங்கும் கையால் மூன்றாவதாக அவரும் போட்டார்.