பள்ளிக்கூடத்துக்குச் சீர்

எங்க ஊர் ஆரம்பப் பள்ளிக்கு நேத்து கல்விச் சீர் கொண்டுபோனோம். மேளம் முன்னால போக, அக்காமாரு தாம்பாளத்துல தேங்காய் பழத்தோட நோட்டு, பென்சில், கலர் பாக்ஸ். பின்னால வேன்ல பீரோ, ஃபேன், பாய், எவர்சில்வர் குடம். தாய்மாமன் வீட்டுச் சீர் போலவே தெருவே திரண்டு போச்சு. வாசல்ல நின்ன டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இது நமக்குப் புதுசும் இல்ல. காமராஜர் காலத்துல, 1958 வாக்குல, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்துச்சு. மேசை, நாற்காலி, நிலம்னு சனங்க அள்ளிக் கொடுத்தாங்க.

ஆனா ஒண்ணு. கட்டடமும் ஆசிரியரும் அரசாங்கத்தோட கடமை. சீர் அதுக்கு மாற்று ஆகாது. அதைக் கேட்டு வாங்கத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல 75 சதவீதம் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல இடத்துல அது கையெழுத்தோட நின்னுபோறதுதான் வருத்தம். எங்க குழு அம்மாக்கள் காலை உணவைத் தாங்களே சாப்பிட்டுப் பார்க்குறாங்க, கழிப்பறைக்குத் தண்ணி வருதான்னு பார்க்குறாங்க, ரெண்டு நாள் வராத புள்ள வீட்டுக்குப் போய் விசாரிக்குறாங்க. எனக்கு இதுதான் சீரைவிடப் பெருசு.

அடுத்த கூட்டத்துக்கு அப்பாக்களும் வாங்க. சுற்றுச்சுவருக்குத் தீர்மானம் போட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பணும்.