அரிசி இருக்கிறது, குழம்புக்கு?

பீருமேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெற்ற முதியவர்களுக்கு அரிசிப் பஞ்சம் என்று எவரேனும் சொன்னால் நான் மறுப்பேன். கேரளத்தில் மஞ்சள் அட்டை வைத்திருக்கும் அந்தியோதயக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியமும், இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோவும், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமையாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரி முதல் நடுவண் அரசு அந்தத் தானியத்துக்கு விலையும் வாங்குவதில்லை. ஆனாலும் வண்டிப்பெரியாற்றைச் சுற்றியுள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தனியே இருக்கும் பெரியவர்கள் பலர், மூட்டையில் அரிசியை வைத்துக்கொண்டு, மூன்று வேளையும் கஞ்சியும் சுட்ட மிளகாயுமாக நாளைக் கழிக்கிறார்கள். பருப்பு, எண்ணெய், காய், முட்டை ஆகியவற்றுக்கு அவர்கள் கையில் பணம் இல்லை. பணம் இருந்தாலும் கடைக்கு இறங்கி ஏறக் கால் இல்லை.

இவர்கள் ஏன் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள் என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி இந்தப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, வர வேண்டிய பணிக்கொடை வராமல் போனவர்கள், அது வரும்வரை வீட்டைக் காலி செய்வதில்லை என்று இருந்துவிட்டார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். கம்பத்திலும் தேனியிலும் தென்காசியிலும் சொந்தங்கள் இருந்தாலும், அட்டையும் ஓய்வூதியமும் வாக்கும் இங்கேதான் இருக்கின்றன.

இவர்களுக்குக் கொடுக்க உணவுப்பொருள்களைச் சேர்த்துவைக்கும் எங்கள் பொருளறை, வாசகசாலையை ஒட்டிய ஒரு சிறிய அறை. தொடக்கத்திலேயே நாங்கள் ஒன்றை உறுதி செய்துகொண்டோம்: ரேஷனில் கிடைப்பதை இங்கே மறுபடியும் அடுக்கக் கூடாது. அன்பளிப்பாக அரிசி தர வருபவர்களிடம், அதற்குப் பதிலாகப் பாசிப்பருப்பும் கடலை எண்ணெயும் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். காய்கறி கம்பம் சந்தையிலிருந்து குமுளி வழியாக ஏறிவரும் வண்டிகளில் வருகிறது. வியாபாரிகள் நல்ல மனத்தோடு ஒதுக்கிக் கொடுப்பதிலும், அழுகத் தொடங்கியதை நாங்கள் வாங்குவதில்லை. பாதித் தக்காளியை அரிந்து எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கும் தெம்பு, படுக்கையிலிருந்து எழுந்து அடுப்பு மூட்டும் ஒருவருக்கு எப்படி இருக்கும்?

எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பை கட்டுவது வேலைக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தப் பை பாதிதான் பயன்படும். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்கும் அம்மாவால் தேங்காய் உடைத்துத் துருவ முடியாது, இறுக மூடிய எண்ணெய்ப் புட்டியையும் திறக்க முடியாது. எனவே அவர் வீட்டுக்குப் போகும் எண்ணெயை, அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டே திரும்புகிறோம். எரிவாயு உருளையைப் படியேற்றித் தர ஆளில்லாமல் விறகில் சமைப்பவர்களுக்குத் துவரம்பருப்பு வேகும்வரை ஊதிக்கொண்டிருப்பது பெரும்பாடு. மழைக்காலத்து ஈர விறகில் அது நடக்கவே நடக்காது. அவர்களுக்குச் சீக்கிரம் வேகும் பாசிப்பருப்பு, ரவை, நனைத்தாலே உண்ணக்கூடிய அவல் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். பல் இல்லாதவர்களுக்குக் கொண்டைக்கடலை தந்து பயனில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர்கள், சோறாக்கச் சுணங்கி வெறும் வயிற்றோடு இருந்துவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு. அவர்கள் தலைமாட்டில் எப்போதும் பொட்டுக்கடலையாவது இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கருவாடு கேட்கும் இரத்த அழுத்தக்காரர்களிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்படுகிறது. எழுபது வயதுக்கு மேல் நாக்குக்குக் கேட்கும் ஒன்றை அடியோடு மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. கொஞ்சமாகக் கொடுத்து, வெந்நீரில் இருமுறை அலசும்படி சொல்கிறோம்.

கண் பார்வை முற்றிலும் போன ஒரு பாட்டி மேல் லயத்தில் இருக்கிறார். உப்பையும் சர்க்கரையையும் ரவையையும் ஒரே மாதிரிப் பொட்டலங்களில் கொடுத்தால் அவரால் பிரித்தறிய முடியாது. பொட்டலம் கட்டும் சணலில் முடிச்சுப் போடும் யோசனையைச் சொன்னவர் அவரேதான். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, ரவைக்கு மூன்று. பை கைக்குப் போனதும் ஒவ்வொரு பொட்டலத்தின் கழுத்தையும் விரலால் தடவி, "இது ரெண்டு, சீனி. சரிதானே தம்பி?" என்று கேட்டுவிட்டு, தாமே அடுக்குப் பலகையில் வரிசையாக வைத்துக்கொள்வார். அந்த வரிசையை மாற்றி வைக்க வேறு யாருக்கும் அனுமதி இல்லை.

யாருக்கு என்ன தேவை என்பதைக் கேட்டறியும் பொறுப்பை, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு நண்பர் ஏற்றிருக்கிறார். படுத்தபடியே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, தமிழில் எழுதிய பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். யாராவது தொடர்ந்து எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டாரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுவதும் அவரே. புதிதாகப் படுக்கையில் விழுந்தவர்களைப் பற்றி எங்களுக்கு முதலில் சொல்பவர் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (நோய்த் தணிப்புப் பராமரிப்பு) செவிலியர். நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் இந்த ஏற்பாடு 2008-இல் கேரள அரசு கொண்டுவந்த கொள்கையால் வேரூன்றியது. அந்தச் செவிலியர், நோயாளியின் புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதால்தான் எங்கள் வேலை நடக்கிறது.

ரேஷன் பக்கமும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. காலமெல்லாம் கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல்களின் ரேகையை ரேஷன் கடையின் இ-போஸ் (விற்பனைப் பதிவு) இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டும் பொருள் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எண்ணைப் பதிவு செய்திருப்பவர்களும், வரும் குறுஞ்செய்தி மலையாளத்தில் இருந்தால் படிக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு ஆட்டோ ஓட்டுநர்கள் வழியாக ரேஷன் கொண்டு சேர்க்கும் 'ஒப்பம்' திட்டத்தை மாநில உணவுத்துறை 2023-இல் தொடங்கியது மிக நல்ல காரியம். ஆனால் எங்கள் மேல் லயங்களுக்கு ஆட்டோ ஏறாது, ஜீப்புதான் வேண்டும். ஜீப்பும் நின்றுவிடும் இடத்திலிருந்து வழுக்கும் கற்படிகள் இருக்கின்றன. அந்தக் கடைசிப் படிகளில் மூட்டை சுமக்க இரண்டு இளைஞர்கள் வருவதை நாங்கள் பருப்புக்கும் எண்ணெய்க்கும் சமமான கொடையாகவே கணக்கில் எழுதுகிறோம்.

பொருள் வாங்குபவர்களைப் புகைப்படம் எடுப்பதில்லை. கொடையாளர்கள் கேட்டாலும் இதே பதில்தான்.

இப்போது எங்கள் கவலையெல்லாம் மழைக்காலத்தைப் பற்றியது. ஜூன் தொடங்கிவிட்டால் மண் சரிந்து மேல் லயத்துப் பாதை நாள் கணக்கில் அடைபடும். அந்த நாட்களில் கீழே இருக்கும் பொருளறை நிறைந்திருந்தும் பயனில்லை. அதனால் இரண்டு வாரத்துக்கான உலர்பொருள்களை முன்கூட்டியே மேலே ஏற்றி, இறுக மூடும் டிரம்களில் வைக்க எண்ணியிருக்கிறோம். அங்கே பயன்பாட்டில் இல்லாத, கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கூரை ஒழுகவில்லை, தரையும் உயரமாக இருக்கிறது. அதன் சாவியைத் தரும்படி தொழிற்சங்கத்தாரிடம் கேட்டிருக்கிறோம். கிடைத்துவிட்டால் ஜூன் பிறப்பதற்குள் பருப்பும் அவலும் எண்ணெயும் மேலே போய்விடும். அதுவரை சுமை ஏற்ற ஒரு ஜீப்பும், மூடி சரியாகப் பொருந்தும் டிரம்கள் நான்கும் எங்களுக்குத் தேவைப்படுகின்றன.