பேண்ட் வராத மூன்று வாரங்கள்

பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் எனக்குக் கொடுத்த வேலை கேட்க எளிதாகத்தான் இருந்தது. எம்டிசிகே செல்களில் (நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) இன்ஃப்ளுயன்சா வைரஸை ஏற்றி, அதன் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதம், அதாவது எச்ஏ, உருவாவதை வெஸ்டர்ன் பிளாட்டில் காட்ட வேண்டும். புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் ஒரு கோடாக, அதாவது பேண்டாக, காட்டும் முறை அது. வைரஸ் பிஆர்8. 1934-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த எச்1என்1. இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

எச்ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடி வந்தது. 100 மைக்ரோலிட்டர்தான், விலையோ எங்கள் ஆய்வகத்துக்குப் பெரிய தொகை. உறைந்து உருகி உறைந்து கெட்டுவிடக் கூடாதென்று சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தேன்.

முதல் பிளாட் வெறுமை. இரண்டு துண்டாக வெட்டப்படாத எச்ஏ சுமார் 75 கிலோடால்டனில் தெரிய வேண்டும், அங்கே ஒன்றுமில்லை. செல்லில் எப்போதும் இருக்கும் ஆக்டின் புரதம் மட்டும் 42-ல் பளிச்சென்று இருந்தது. பான்சோ சாயம் போட்டால் மெம்பிரேன் முழுக்க சிவப்புக் கோடுகள், ஆக புரதம் ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு வந்திருக்கிறது. ஆன்டிபாடியை நீர்க்கும் அளவை, டைல்யூஷனை, 1:1000-லிருந்து 1:200-க்குக் கொண்டு வந்தேன். மெம்பிரேனின் காலி இடங்களை அடைக்கப் பால் பவுடருக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் போட்டேன். இரவு முழுக்க 4 டிகிரியில் ஆட்டினேன். மூன்று வாரம் போனது, இரண்டு குழாய் தீர்ந்தது.

அப்புறம் சீனியர் அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "இந்த ஆன்டிபாடி எச்ஏவை எந்த நிலையில பிடிக்கும்னு பார்த்தியா?"

டேட்டாஷீட்டை எடுத்தோம். பயன்பாடுகள்: எலைசா (தட்டின் குழிகளில் செய்யும் சோதனை), இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயத்தால் செல்லிலேயே பார்ப்பது). வெஸ்டர்ன் அதில் இல்லவே இல்லை. வைரஸ் ஸ்ட்ரெயின் (உள்வகை) பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அது எச்ஏவின் தலைப்பகுதி மடிந்திருக்கும் வடிவத்தைப் பிடிக்கும் மோனோக்ளோனல், ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி. சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் அமினோ அமிலங்கள் மடிப்பில் ஒன்றுகூடுகிற இடம்தான் அதற்குப் பிடிமானம். நானோ மாதிரியை மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ், டிடிடி ரசாயனங்களோடு 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். புரதம் நூலாக அவிழ்ந்துவிடும். பிடிக்க எதுவும் மிஞ்சாது.

வெஸ்டர்னுக்கு என்பி, அதாவது வைரஸுக்குள் இருக்கும் நியூக்ளியோபுரோட்டீன், மேல் வேலை செய்யும் முயல் பாலிக்ளோனல் ஆன்டிபாடியைக் கடன் வாங்கினேன். அவிழ்ந்த புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கக்கூடியது. முதல் முறையே சுமார் 56-ல் தடித்த பேண்ட், வைரஸ் ஏற்றாத மாக் லேன் சுத்தம். வைரஸ் ஏறியிருக்கிறது என்பது அன்றுதான் உறுதியானது. எச்ஏ ஆண்டுக்காண்டு மாறும், என்பி இன்ஃப்ளுயன்சா ஏ வகைகளுக்குள் அவ்வளவாக மாறாது. வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க என்பிதான் நல்லது என்பேன். பி வகை வைரஸுக்கு வேறு ஆன்டிபாடி வேண்டும்.

பழைய ஆன்டிபாடியைத் தூக்கிப் போடவில்லை. செல்களை பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, ட்ரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு செல் சவ்வைத் துளைக்காமல், மேற்பரப்பில் மட்டும் எச்ஏவைச் சாயமிட்டேன். பிறகு துளைத்து உள்ளே என்பி. எச்ஏவைப் பிடிக்கும் எலி ஆன்டிபாடிக்குப் பச்சை, என்பியைப் பிடிக்கும் முயல் ஆன்டிபாடிக்குச் சிவப்பு.

வைரஸ் ஏற்றி நான்கு மணி நேரமான ஸ்லைடில் நியூக்ளியஸ் எல்லாம் சிவப்பு உருண்டைகள். எட்டு மணி நேர ஸ்லைடில் அந்தச் சிவப்பு வெளியே சைட்டோபிளாசத்தில் பரவியிருந்தது, ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் மெல்லிய பச்சை வளையம். மாக் ஸ்லைடை வைத்தேன், இருட்டு. மறுபடி எட்டு மணி நேர ஸ்லைடையே வைத்து, அக்காவைக் கூப்பிட்டேன்.